பழைய டியூப் ஆம்ப்பில் ஒளிந்திருந்த இரண்டு ஹம்

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய அண்ணன், வீட்டுச் சாமான்களோடு சென்னைக்கு அனுப்பிய எழுபதுகளின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப் இப்போது என்னிடம் இருக்கிறது. வந்த நாளிலிருந்தே வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். டியூப்தான் போயிருக்கும் என்று புது ஜோடி 6வி6 வரவழைத்து மாட்டினேன். காசு போனதுதான் மிச்சம்.

வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். ஸ்க்ரூடிரைவரைக் கூட அவர் எடுக்கவில்லை. "தம்பி, கிட்டாரை எடுங்க. இந்தச் சத்தம் எந்த நோட்டுன்னு பாருங்க" என்றார். தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் ஜி பிடித்தேன். ஹம் அதற்கு ஒரு நூல் மேலே நின்றது. அந்த ஜி 98 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் ஹம் 100.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால், அதற்குப் பின் வரும் ஏற்ற இறக்கம் நொடிக்கு 100 ஆகிவிடும். அதைச் சமன்படுத்துவது ஃபில்டர் கெபாசிட்டரின் வேலை. ஆக, 100 கேட்டால் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல். 50 கேட்டால் டியூப்பை உள்ளே சூடாக்கும் ஹீட்டர், எர்த், ஷீல்டு வயர் என்று தேட வேண்டும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இதே ஹம் 120-ல் கேட்கும். 6வி6-ஐ நான் சந்தேகப்பட்டதும் முழுத் தப்பில்லை. இரண்டு டியூப்பிலும் கரண்ட் சமமாக ஓடினால்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் புது ஜோடி போட்டும் குறையவில்லை. முன்வரிசையிலிருந்து வரும் சிக்னலை இரண்டு 6வி6-க்கும் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் டியூப் 12ஏடி7-ஐக் கழற்றிப் பார்த்தோம், அப்போதும் ஹம் நிற்கவில்லை. அதனால் முன்வரிசை டியூப்கள் மேல் தப்பில்லை என்று தெரிந்தது.

திறப்பதற்கு முன்னால் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 5 வாட் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்து, ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தோம். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். உயிர் போகும் விஷயம்.

சேஸிஸ் என்கிற உலோகச் சட்டத்தின் மேலிருந்த தகர மூடியைக் கழற்றினால், பழுப்பு அட்டைக் குழாய் போட்ட ஐந்து கெபாசிட்டர்கள், ஒவ்வொன்றும் 16 மைக்ரோஃபாரட். மூன்றின் முனையில் கொப்புளம் வெடித்து, உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. ரிச்சி தெருவில் 22 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் கிடைத்தது. முதல் கட்டத்தில் இரண்டு இணையாக வருவதால் அங்கே 44 ஆகும். ஜிஇசட்34 ரெக்டிஃபையர் டியூப் 60 மைக்ரோஃபாரட் வரை தாங்கும் என்பதால் பயமில்லை. 6வி6-ல் ஓடும் கரண்டை அளவோடு வைக்கும் பயாஸ் வோல்டேஜின் கெபாசிட்டரையும் மாற்றினோம். அது நெகட்டிவ் வோல்டேஜ், பிளஸ் முனைதான் சேஸிஸுக்குப் போகும். பழக்கதோஷத்தில் திருப்பி வைக்கப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

ஆன் செய்ததும் அந்த ஜி காணோம். சந்தோஷம் ஒரு நிமிடம்தான். அதற்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருந்தது, சரியாக ஒரு ஸ்தாயி கீழே, வால்யூமைக் கூட்டினால் கூடவே ஏறியது. இது 50. முதலில், நம் வோல்டேஜை அமெரிக்க ஆம்ப்புக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தோம். அதன் வெளிப்பக்கம் வெறும் இரண்டு ஓட்டை சாக்கெட், எர்த் உள்ளே வரவேயில்லை! இத்தனை நாள் அப்படியே வாசித்திருக்கிறேன் என்று நினைக்கும்போது இப்போதும் உடம்பு பதறுகிறது. எர்த் இழுத்து மூன்று பின் ஆக்கியதும் பாதி குறைந்தது.

மீதியைப் பிடித்ததுதான் எனக்குப் பெரிய பாடம். பைலட் விளக்குக்குப் பின்னால் ஹீட்டரின் இரண்டு வயரிலிருந்தும் சேஸிஸுக்கு ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் போகிறது. 6.3 வோல்ட்டை நடுவில் சமமாகப் பிரித்து, ஹம்மை அடித்துவிடுவது இந்த ஜோடிதான். ஹீட்டர் சுற்று இரண்டு வயரையும் சேர்த்துவிடுவதால், மீட்டரில் எந்த வயரிலிருந்து பார்த்தாலும் 50 ஓம் காட்ட வேண்டும். எங்களுக்கு 100 காட்டியது. ஒன்று கருகிப் பிளந்திருந்தது. 6வி6-ன் அடியில் அதிக வோல்டேஜ் உள்ள பிளேட்டின் கால்முனையும் ஹீட்டரின் கால்முனையும் அடுத்தடுத்து இருக்கின்றன. எப்போதோ ஒரு டியூப் அங்கே ஷார்ட் ஆகியிருக்கும், ரெசிஸ்டர் ஃபியூஸ் போல எரிந்து முடிந்திருக்கும் என்றார் அவர். சில ரூபாய் சாமான், இரண்டையும் புதிதாகப் போட்டோம்.

இப்போது காதை ஸ்பீக்கர் துணியில் வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டாரோடு ஆம்ப்பை நெருங்கி நின்றால் இன்னும் ஒரு ஹம் வரும், கால் வட்டம் திரும்பினால் போய்விடும். அது பிக்கப் பிடித்துக்கொள்வது, ஆம்ப்பின் கணக்கில் சேராது.