மறு: அடிமையா, சார்பா? (வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,
அபின் வகை மருந்துகள் பற்றிய கொள்கைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூலத்தில் இரண்டு நிலைகள். ஒன்று, மருந்தை நிறுத்தினால் வியர்த்து, நடுங்கி, வயிற்றைப் பிடுங்குவது. மற்றது, வேலையும் குடும்பமும் போகிறது என்று தெரிந்தும் விட முடியாமல் தவிப்பது. முதல் வரைவில் இரண்டுக்குமே 'அடிமையாதல்' போட்டுவிட்டேன். இப்போது 'பியூப்ரினார்ஃபின் சிகிச்சை பெறுபவர் அதற்கு அடிமையானவர்' என்று ஒரு வரி நிற்கிறது. (பியூப்ரினார்ஃபின், இரண்டாம் நிலைக்குச் சிகிச்சையாகத் தரும் அபின் வகை மருந்து.) இதைப் படிக்கும் அதிகாரி சிகிச்சையை நிறுத்தச் சொல்ல மாட்டாரா?

---

> நிறுத்தச் சொல்ல மாட்டாரா?

சொல்வார். நிறுத்தினால் உடலின் தாங்குதிறன் இறங்கும். பிறகு பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். சிறையிலிருந்து வந்த முதல் இரண்டு வாரங்களில் சாவு அதிகம் என்பது இதனால்தான். பிரான்சில் பொது மருத்துவர்களே பியூப்ரினார்ஃபின் எழுதலாம் என்று திறந்துவிட்டார்கள். 1995க்கும் 1999க்கும் இடையில் மிகையளவுச் சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயின. வலிக்கு மார்ஃபின் வாங்கும் புற்றுநோயாளிக்கும் உடல் பழகத்தான் செய்யும். அவரை அடிமை என்பீர்களா, ஐயா?

---

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். 'சார்பு' இருக்கக் கவலை ஏன்? சார்பெழுத்து தனித்து இயங்காது. அதற்காக யாரும் அதை ஏசுவதில்லை. (தொல்காப்பியர் மூன்று என்றார், நன்னூலார் பத்து என்றார், அந்தச் சண்டை இன்னொரு நாள்.) ஆனால் 'அடிமை'யைப் பழிக்காதீர்கள். அடி + மை. பக்திப் பாடல்களில் அது பெருமைச் சொல். பழிக்க வேண்டியது 'அபின்' என்னும் அயற்சொல்லை. கசகசாப்பால் என்க.

---

புலவர் ஐயா, கசகசாவும் பாரசீகத்திலிருந்து வந்ததுதானே! தவிர, ஃபென்டனில் என்ற அபின் வகை வலிமருந்து எந்தச் செடியிலிருந்தும் வடிவதில்லை, ஆய்வுக்கூடச் சரக்கு. 'அபின்போலி' எனலாமா? முதற்போலி, கடைப்போலி எல்லாம் நமக்குப் புதிதா என்ன?

---

போலியா! கலப்பட மாத்திரை என்றுதான் படிப்பார்கள். இலக்கணப் போலி பத்தாம் வகுப்புத் தேர்வோடு போயிற்று, தம்பி. 'அபின் வகை' என்றே இருக்கட்டும்.

---

'சார்பு' எனக்கும் உறுத்துகிறது. 'மருந்துச் சார்பு ஆணையம்' என்றால் மருந்துக் கம்பெனிக்கு வேண்டிய ஆணையம் என்பார்கள். 'உடற்பழக்கம்' போதாதா?

---

> 'உடற்பழக்கம்' போதாதா?

போதாது. பழக்கம் என்றாலே 'நினைத்தால் விடலாமே' என்ற அறிவுரை பின்னாலேயே வரும். மூளையில் மருந்து போய் ஒட்டும் ஏற்பியே மாறிக் கிடக்கிறது. அறிவுரை அங்கே என்ன செய்யும்?

---

எல்லோருக்கும் நன்றி. முதல் நிலைக்கு 'உடற்சார்பு', இரண்டாவதற்கு 'அடிமைநோய்'. முதலில் வரும் இடத்தில் ஒரு விளக்கவரி சேர்க்கிறேன். சிக்கல் வரியை 'சிகிச்சை மருந்தின்மேல் உடற்சார்பு உள்ளவர்; அடிமைநோய் கட்டுக்குள் இருக்கிறது' என்று மாற்றிவிட்டேன். ஐவர் சரி என்றார்கள். 'அடிமைநோய்' மருத்துவர் அம்மாவுக்கு அரைமனம்தான். அடிமை ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்கிறார். வேறு சொல் அகப்படவில்லை. கோப்பு நாளைக் காலை போகிறது.

---

போகட்டும். ஆனால் 'சார்பு' அன்று, 'சார்வு' என்பதே இங்கு முறை. காரணங்களைத் தனி இழையில் எழுதுகிறேன்.