தேசத்தை வெளியாள் கட்டித் தர முடியுமா? ஒரு ஓவியம் கிளப்பின சண்டை

முத்தியால்பேட்டையான்:
போன ஞாயிறு மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தேன். புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம், பழைய திண்ணை வீடு, மூன்றே அறை. காவல்காரப் பெரியவர் நோட்டில் பெயர் எழுதச் சொன்னார். எனக்கு முன்னால் அன்றைக்கு நாலு பேர்தான் வந்திருந்தார்கள்.

முற்றத்தை ஒட்டிய சுவரில் ஒரு எண்ணெய் ஓவியம். நம்மூர் சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்சன் வாங்குகிறவர், வேட்டியோடு ஈசிசேரில் சாய்ந்திருக்கிறார். கிட்டே போனால் வேட்டியின் வெள்ளைக்கு அடியில் காக்கி மடிப்பு மங்கலாகத் தெரிகிறது. முதலில் சீருடையை வரைந்து அதன்மேல் வேட்டியைத் தீட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் காபூல் தேசிய ஓவியக் கூடம் ஞாபகம் வந்தது. முதல் தாலிபான் ஆட்சியில் உயிருள்ள எதையும் வரையக்கூடாது. யூசுஃப் ஆசிஃபி என்ற மருத்துவர், அவரே ஓவியரும்கூட, அங்கிருந்த எண்ணெய் ஓவியங்களில் மனித உருவங்கள்மேல் நீர்வண்ணம் பூசி மறைத்துவைத்தார். 2001 கடைசியில் ஆட்சி கவிழ்ந்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தார். ஆட்கள் திரும்ப வந்தார்கள். அதன்பிறகு அமெரிக்கா 20 வருஷம் உட்கார்ந்து, மறுகட்டமைப்புக்கு மட்டும் சுமார் 14,500 கோடி டாலர் கொட்டியது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் திரும்ப வர, ஆப்கன் அதிபர் ஹெலிகாப்டர் ஏறிப் போய்விட்டார். கட்டினதாகச் சொன்னதெல்லாம் நீர்வண்ணம்தான். ஒரு உள்ளூர் டாக்டர் காப்பாற்றினதில் பாதியைக்கூட அந்தப் பணம் காப்பாற்றவில்லை.

நேருவீதி நாகு:
அண்ணே, கதை நல்லாருக்கு. ஆனா ஸ்பாஞ்சை எடுக்கிற தைரியம் அந்த டாக்டருக்கு எப்படி வந்துச்சு? வெளியாள் வந்து தாலிபானை விரட்டினதாலதானே? அந்தப் பாதியை முழுங்கிட்டீங்களே.

வெளியாள் கட்டினா நிக்காதுன்னா ஜப்பான் எப்படி நிக்குது? 1947ல அமலுக்கு வந்த அவங்க அரசியல் சட்டத்தோட வரைவே அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் ஆளுங்க எழுதினது. இன்னிக்கு வரைக்கும் ஒரு திருத்தம்கூட இல்லை. நாம பேசுற புதுச்சேரியே பிரெஞ்சுக்காரன் கோடு போட்ட ஊரு.

கெடிலக்கரை:
அந்தக் கோடு டச்சுக்காரன் போட்டது நாகு. 1693லேர்ந்து 1699 வரைக்கும் ஊரு அவன் கையில இருந்தப்ப. சும்மா சொல்லிவெச்சேன்.

கடலூர்க்காரன் பேசுறேன். வெளியாள் வந்து ஆட்சியை நிறுத்துற இந்த வியாபாரத்துக்கு ஒத்திகை பார்த்த இடமே நம்ம பக்கம்தான்யா. 1750 டிசம்பர்ல பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் புதுச்சேரியில பந்தல் போட்டு முசாபர் ஜங்கை நிஜாம்னு கொண்டாடினான். ரெண்டே மாசம், ஐதராபாத் போற வழியிலயே ஆள் காலி. ஆற்காட்டுக்கு நவாபா நிறுத்தின சந்தா சாகிப்புக்கு 1752ல தலை போச்சு. 1754ல துய்ப்ளெக்ஸையே பாரீசுக்குக் கூப்ட்டுக்கிட்டாங்க. இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் நிறுத்தின முகமது அலி ஜெயிச்சாரு. ஜெயிச்சு? கம்பெனி ஆளுங்ககிட்டயே கடன், வட்டிக்கு மேல வட்டி. 1801ல நாடே கம்பெனி கைக்குப் போச்சு.

ரெண்டு பேரும் போட்ட போட்டியில 1758ல எங்க தேவனாம்பட்டினத்துல இருந்த இங்கிலீஷ் கோட்டை இடிஞ்சுது, 1761ல உங்க ஊரு தரைமட்டம். காபூலுக்கு எதுக்கு ஃப்ளைட், கடலூர் சில்வர் பீச்சுக்கு பஸ் ஏறு.

நேருவீதி நாகு:
அது கொள்ளை. இது உதவி. ரெண்டும் ஒண்ணா?

முத்தியால்பேட்டையான்:
தம்பி, வாங்குகிறவனுக்கு ரெண்டும் சில சமயம் ஒரே மாதிரிதான் வந்து சேரும். ஆப்கன் விமானப்படைக்கு என்று 20 பழைய சரக்கு விமானம் வாங்கினார்கள். அந்தத் திட்டச் செலவு 54.9 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்காமல் காபூலில் சும்மா நின்றது. கடைசியில் 16 விமானத்தை உடைத்துக் காயலான் கடை விலைக்குப் போட்டார்கள். வந்தது சுமார் 40,000 டாலர். அதில் நம்ம ஊரில் ஒரு கார் வாங்கலாம்.

ஜப்பான் பற்றி. அங்கே தாசில்தார், வாத்தியார், வரி வாங்குகிறவர் எல்லோரும் பெரும்பாலும் பழைய ஆட்களே. மேலே இருந்தவர்களை மாற்றினார்கள், ஆபீசைக் கலைக்கவில்லை. ஈராக்கில் 2003 மே மாசம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே உத்தரவில் ராணுவத்தையே வீட்டுக்கு அனுப்பினார். துப்பாக்கியோடு வேலையில்லாத லட்சக்கணக்கான ஆட்கள். இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது வேறு, பொட்டலில் வீடு கட்டுவது வேறு.

நேருவீதி நாகு:
சரி, ஈராக் தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா நாமளும்தான் அங்க கட்டினோம். காபூல் பார்லிமென்ட் கட்டடம் 2015ல, ஹெராத் பக்கம் சல்மா அணை 2016ல. அதுவும் வீணா?

முத்தியால்பேட்டையான்:
நல்ல கேள்வி. அணை யார் ஆண்டாலும் தண்ணீர் விடும், கரண்ட் தரும். பார்லிமென்ட் கட்டடம் இருக்கிறது, பார்லிமென்ட் இல்லை. நீயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாய்.

கெடிலக்கரை:
2021ல இன்னொண்ணும் நடந்துச்சு. காபூல் குண்டுதடுப்புச் சுவர்கள்ல ஆர்ட்லார்ட்ஸ்னு ஒரு உள்ளூர் குழு பெரிய பெரிய படமா வரைஞ்சு வெச்சிருந்தாங்க. தாலிபான் வந்த கொஞ்ச நாள்லயே வெள்ளையடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்கு ஸ்பாஞ்சு கிடையாது. உள்ளூர் ஆள் செஞ்சா எல்லாம் தப்பிச்சிடும்னு அண்ணன் ரொம்ப நம்ப வேணாம்.

முத்தியால்பேட்டையான்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை.

வில்லியனூர் வசந்தி:
நான் சொல்தா வீட்டுப் பேத்தி. தாத்தா வியட்நாமில், சைகோனில் இருந்தவர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் தேசம் கட்டின லட்சணத்தை ஒரு வார்த்தை பேச மாட்டார். 1954ல் வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தியன் பியன் பூ கோட்டை விழுந்ததும், அதே வருஷம் இங்கே அவர்கள் மூட்டை கட்டினதும் அவருக்கு ஒரே செய்தி மாதிரி. ஆனால் பென்சன் மட்டும் ஒரு மாசம் தவறாது. எங்கள் வீட்டில் பிரான்ஸ் உருப்படியாகக் கட்டினது அது ஒன்றுதான். 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் எந்த நாட்டுப் பிரஜையாக இருப்பது என்று ஆறு மாசத்துக்குள் சொல்லச் சொன்னார்கள். பெரியப்பா அங்கே, அப்பா இங்கே.

அப்புறம் முத்தியால்பேட்டை அண்ணா, அந்த வேட்டிக்கு அடியில் காக்கி. எங்கள் தாத்தா நிஜமாகவே வேட்டிக்குள் பட்டாளத்துக் காக்கி நிக்கர்தான் போடுவார், கிழிகிற வரைக்கும். ஓவியர் கண்ணால் பார்த்ததை அப்படியே வரைந்திருக்கலாம்.

நேருவீதி நாகு:
அக்கா 😂😂 அண்ணன் கட்டின மாளிகை மொத்தமும் ஒரு நிக்கர் மேலயா?

முத்தியால்பேட்டையான்:
நிக்கரா, கால்சட்டையா என்று முழங்கால் பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். ஞாயிறு பத்து மணிக்குப் போகிறேன். வசந்தி, முடிந்தால் தாத்தா போட்டோ ஒன்று கொண்டு வாம்மா.