புதுப்பிப்பு: ஏர் பிஸ்டலில் பிளாஸ்டிக் போய் அலுமினியம் வந்தது

என் சின்ன ஏர் பிஸ்டலின் பிளாஸ்டிக் டிரிக்கரையும் பின் சைட்டையும் (குறி பார்க்க உதவும் பின்பக்கத் தகடு) மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றியாயிற்று. டிரிக்கரில் பெரிய வித்தியாசமில்லை; விரல் அழுத்தும்போது வளையாது, அவ்வளவுதான். பின் சைட்தான் கொடுத்த காசுக்குத் தகும். பழையதில் திருகியைத் தொட்டாலே தகடு இடவலமாக ஆடும், இதில் ஒவ்வொரு கிளிக்கும் வைத்த இடத்தில் நிற்கிறது. கைப்பிடியைக் கடையில் வாங்கவில்லை. பெங்களூரு சிவாஜிநகரில் நம்ம ஊர் ஆசாரி ஒருவர் தேக்கில் செதுக்கித் தந்தார், கட்டைவிரல் பள்ளம் அச்சாகப் பொருந்துகிறது.

போட்டிக்குப் போகிறவர்கள் எடை பாருங்கள்: 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி விதிப்படி டிரிக்கர் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, பிஸ்டலின் மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. அப்புறம், குண்டைத் தள்ளும் ஸ்பிரிங்கைத் தொடாதே என்று அப்போது சொன்ன அண்ணனுக்கு நன்றி. தொடவில்லை. அதை மாற்றி, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் (joule) என்ற அளவைத் தாண்டினால் இந்தியாவில் லைசென்ஸ் எடுக்க வேண்டும்.