படிப்பே இல்லாமல் முழுநேர டிரேடர் ஆனவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், திருப்பூர்

அக்கா பையன் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறான். போன மாசம் வீட்டுக்கு வந்து, "மாமா, காலேஜை விட்டுட்டு ஷேர் மார்க்கெட்ல முழுநேரமா டிரேடிங் பண்ணப் போறேன். நீங்கதான் அம்மாகிட்ட பேசணும்" என்றான். நானும் இதே தொழிலில் இருப்பதால் தலையாட்டிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான்.

ரெண்டு மாசத்தில் 42,000 லாபம் என்று ஆப்பைக் காட்டினான். காண்ட்ராக்ட் நோட்டை, அதாவது புரோக்கர் அனுப்பும் அன்றைய வாங்கல்-விற்றல், கட்டணக் கணக்கைத் திற என்றேன். தினமும் மெயிலுக்கு வந்திருக்கிறது, ஒன்றைக்கூட அவன் திறந்ததில்லை. அதற்குப் பாஸ்வேர்டு அவனுடைய பான் நம்பர்தான் என்றே அப்போதுதான் தெரிந்துகொண்டான். ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ், நாளைக்கு 12 ஆர்டர், 40 நாள். 9,600 ஆச்சு. 18 சதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 11,328. எஸ்டிடி என்கிற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் தனி. எஞ்சினியரிங் கணக்கு பேப்பரை அரியர் இல்லாமல் முடித்த பையன், இந்தப் பெருக்கலைப் போட்டே பார்க்கவில்லை.

நான் பி.காம். பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் மெர்ச்சண்டைசர். நூல், நிட்டிங், டையிங் என்று காஸ்டிங் ஷீட் போடும்போது பீசுக்கு 2 ரூபாய் தவறினால் 20,000 பீஸ் ஆர்டரில் 40,000 போய்விடும். டிரேடிங்கில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பயம்தான். பி.காமில் படித்த பாடம் எதுவும் சார்ட் பார்க்க உதவியதாக நினைவில்லை.

ஆனால் 2018-ல் வேலையை விட்டவன் நான். 2020 மார்ச் 23 இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சந்தையின் இண்டெக்ஸ் (குறியீட்டு எண்) 10 சதம் இறங்கி, வர்த்தகத்தை 45 நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். ஸ்கிரீனில் ஒரு எண்ணும் அசையவில்லை. முடிக்காமல் வைத்திருந்த என் பொசிஷன் உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது. மனைவி இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அன்று முடிவில் என்எஸ்இ-யின் குறியீடான நிஃப்டி 13 சதம் கீழே. என் மூலதனத்தில் பாதி காலி. அதன்பிறகு 14 மாசம் பழைய வேலைக்கே போனேன். டிகிரியும் ஒன்பது வருஷ அனுபவமும் இருந்ததால்தான் கூப்பிட்டார்கள். பாதியில் படிப்பை விட்டவனாக இருந்திருந்தால் அந்த 14 மாசம் எங்கே போயிருப்பேன்? பையனிடம் இதைச் சொன்னேன். "உங்க காலம் வேற மாமா" என்கிறான்.

அதனால் கேட்கிறேன். படித்தவர், படிக்காதவர், நீங்கள் நேரில் பார்த்தவர்கள் எப்படி? கேள்விப்பட்டதை விடுங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

ஈரோட்டு உறுப்பினர்

நான் பார்த்ததிலேயே நல்ல டிரேடர் ஒரு மஞ்சள் மண்டிக்காரர். எட்டாவது வரைதான் படிப்பு. அவரிடம் ரெண்டு வருஷம் கணக்கு எழுதினேன்.

மூட்டையில் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுப்பார். சடக்கென்று ஒடிப்பார். ஒடிந்த இடத்தின் நிறத்தைப் பார்ப்பார், கட்டைவிரல் நகத்தில் தேய்த்து முகர்வார். ஒடியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று விலையைக் குறைத்துக் கேட்பார். அங்கே சரக்கு வாங்கும்போதே என்சிடிஇஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் பியூச்சரில், அதாவது பின்னால் வரும் தேதிக்கு இன்றைக்கே விலை பேசும் ஒப்பந்தத்தில், விற்று வைப்பார். விலை இறங்கினால் குடோனில் இருப்பதில் நட்டம், பியூச்சரில் லாபம். ஹெட்ஜிங் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "ஒரு கை கொடுத்தா இன்னொரு கை வாங்கோணும்" என்பார்.

2023-ல் மஞ்சள் குவிண்டால் 10,000-ஐத் தாண்டி ஓடியபோது எல்லோரும் பியூச்சர் விற்பனையை நிறுத்திவிட்டு சரக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாதிக்கு விற்றே வைத்தார். லாபம் குறைந்தது. நான் கேட்டதற்கு, "குடோன்ல இருக்கறதுல பாதி பேங்க் காசு, கண்ணு" என்றார்.

ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். தேதி, வாங்கினது, ஏன், வித்தது, ஏன். "ஏன்" என்ற கட்டம் காலியாக இருந்தால் என்னைத் திரும்ப எழுதச் சொல்வார்.

ஆனால் அவரை வைத்துப் படிப்பு வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வரவேண்டாம். ஒரு வருஷம் பியூச்சரில் நட்டம். நட்டத்துக்கு என்ன வரி என்று ரிட்டர்ன் போடாமல் விட்டுவிட்டார். கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால் அந்த நட்டத்தை எட்டு வருஷம் வரை பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழித்திருக்கலாம். அடுத்த வருஷம் நல்ல லாபம் வந்து முழுசுக்கும் வரி கட்டினார். அன்றைக்கு ராத்திரி மண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், வீட்டுக்குப் போகவில்லை. மறு வாரமே ஆடிட்டர் வைத்தார். பேத்தியை பி.காம் சி.ஏ.-வில் சேர்க்க அவரே காலேஜுக்குப் போய் வரிசையில் நின்றார்.

முன்னாள் டீலர், மதுரை

நான் ஒரு புரோக்கர் கிளையில் ஏழு வருஷம் டீலராக இருந்தேன். அடுத்தவர் ஆர்டரைப் போட, சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைத்த என்ஐஎஸ்எம் நடத்தும் தேர்வு எனக்குக் கட்டாயம். 100 கேள்வி, 2 மணி நேரம், தப்பு விடைக்கு மார்க் குறையும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். ஆனால் சொந்தக் காசைப் போட்டு ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விற்கிறவருக்கு வருமான ஆதாரம் போதும், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட். இது எனக்கு எப்போதும் உறுத்தும்.

2024 ஜூன் 3, தேர்தல் எக்ஸிட் போல் வந்த பிறகு சந்தை திறந்த முதல் நாள். சந்தை 3 சதத்துக்கு மேல் ஏறியது. எம்பிஏ படித்த ஒரு கஸ்டமர், பெரிய வேலையை விட்டு முழுநேரமாக இறங்கியவர், பாதுகாப்புக்கு எதுவும் வாங்காமல் நிஃப்டி புட் (சந்தை இறங்கினால் விற்றவருக்கு நட்டம் தரும் ஆப்ஷன்) விற்றார். மறுநாள் ரிசல்ட். நிஃப்டி 1,379 புள்ளி கீழே முடிந்தது. மார்ஜின், அதாவது ஈடாக வைக்க வேண்டிய பணம், பத்தவில்லை என்று நான்தான் கூப்பிட்டேன். "மேடம், அரை மணி நேரம் பொறுங்க, திரும்பிடும்" என்றார். நாலு தடவை கூப்பிட்டேன், நாலு தடவையும் அதே வார்த்தை. கடைசியில் ரிஸ்க் டீமே பொசிஷனை வெட்டியது. அவருக்கு புத்தகப் பாடம் என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை அந்தத் தம்பிக்குக் காட்டுங்கள். 2021-22 முதல் மூன்று வருஷத்தில் எஃப் அண்டு ஓ-வில் (பியூச்சர், ஆப்ஷன்) தனிநபர்களில் 93 சதம் பேருக்கு நட்டம், ஆளுக்குச் சராசரி 2 லட்சம். 2023-24-ல் டிரேட் செய்தவர்களில் 43 சதம் பேர் 30 வயதுக்குக் கீழே. அத்தனை பேரும் நம்ம தம்பி வயசு, அண்ணா. கிளைக்கு வந்து அக்கவுண்டை மூடச் சொல்லி நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவோடு வருவார்கள். அப்பாதான் பேசுவார்.

தொடங்கியவர், திருப்பூர்

அந்தக் கடைசி வரியைப் பையனுக்கே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போனை எடுக்கவில்லை. டிகிரியை முடி, அதுவரை ஒரு லாட்டுக்கு (வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு) மேல் போகாதே, ஒவ்வொரு டிரேடையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். அக்காவிடமும் அதையே சொல்லிவிட்டேன். நோட்டு வாங்கிவிட்டான்.

ஈரோட்டு நண்பரே, செமஸ்டர் லீவில் அவனை அந்த மண்டிக்கு ஒரு நாள் கூட்டிவரலாமா? பெரியவர் இன்னும் கடைக்கு வருகிறாரா?