ஈஜிஎஃப்ஆர் இருப்பது வேறு, இயங்குவது வேறு: நுரையீரல் புற்றுச் செல் வேலையில் எதிர்ப்படுபவை

செல் வளர்ப்புப் பக்கம்

ஏ549 என்ற நுரையீரல் புற்றுச் செல்லுக்கு, ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பியை அடைக்கும் ஜெஃபிடினிப் மருந்தைக் கொடுத்துவிட்டு, "செல் சாகவே இல்லை, மருந்து கெட்டுவிட்டதா?" என்று கேட்பவர்கள் குறைவதே இல்லை. மருந்து நன்றாகத்தான் இருக்கும். ஏ549-இல் ஈஜிஎஃப்ஆர் புரதம் உண்டு, ஆனால் அது திரிபில்லாத சாதாரணப் புரதம். அந்தச் செல்லைத் தள்ளிக்கொண்டு போவது, ராஸ் குடும்பப் புரதமான கேராஸின் ஜி12எஸ் திரிபு (12-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின்).

வரிசை இதுதான். வெளியே ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றும். அந்த வாலை ஜிஆர்பி2 என்ற இணைப்புப் புரதம் பிடித்து, எஸ்ஓஎஸ் என்ற புரதத்தை அழைத்து வரும். எஸ்ஓஎஸ் ராஸின் மடியிலிருக்கும் குவானோசின் டைபாஸ்பேட்டைக் கழற்றிவிட, அந்த இடத்தில் குவானோசின் டிரைபாஸ்பேட் உட்காரும், ராஸ் இயங்கத் தொடங்கும். (சுருக்கப்பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'ஜிடிபி'தான், அதனால்தான் முழுப்பெயர்.) பிறகு ராஃப், மெக், எர்க் என்ற நொதிகள், ஒன்று அடுத்ததை எழுப்பும். எர்க் கருவுக்குள் போய் சைக்ளின் டி1 போன்றவற்றை எழுப்ப, செல் பிரியத் தொடங்கும். பக்கவாட்டில் பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்று இன்னொரு கிளை போகிறது. செல்லைச் சாகவிடாமல் வைப்பதில் பெரும்பங்கு அதற்கு. ராஸிலேயே வால்வு உடைந்திருக்கும்போது மேலே ஈஜிஎஃப்ஆரை மூடி என்ன பயன்?

எனவே கேள்விக்கு ஏற்ற செல்லை எடுங்கள். ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் எக்ஸான் (புரதத்துக்கான குறிப்புள்ள துண்டு) 19 நீக்கம் வேண்டுமா, பிசி-9 அல்லது எச்சிசி827. எல்858ஆர், டி790எம் என்ற ஈஜிஎஃப்ஆர் திரிபுகள் இரண்டும் சேர்ந்து வேண்டுமா, எச்1975. கேராஸ் ஜி12சி என்றால் எச்358. ஏ549-ஐ இதற்கு எடுப்பவர்களும் உண்டு, தவறு. ஏஎல்கே மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிய இணைவுக்கு எச்3122. எச்1650-இடம் மட்டும் எச்சரிக்கை தேவை. எக்ஸான் 19 நீக்கம் அதில் உண்டு, ஆனால் ஏகேடியை அடக்கும் பிடென் புரதம் தொலைந்துபோனதால் ஏகேடி தன்போக்கில் ஓடும். ஜெஃபிடினிப் அங்கே ஏமாற்றும்.

இன்னொன்று. பிசி-9-ஐ மாதக்கணக்கில் மருந்தின் அளவைக் கூட்டிக்கூட்டி வளர்த்து எதிர்ப்புச் செல் உருவாக்கும்போது, மருந்தைத் தாங்கவைக்கும் டி790எம் வந்தால் மகிழலாம். கூடவே எல்858ஆரும் தெரிந்தால், பக்கத்துத் தட்டிலிருந்த எச்1975 உள்ளே வந்துவிட்டது என்று பொருள். எக்ஸான் 19-இல் நீங்கிய துண்டு திரும்பி வராது. செல்லின் அடையாளத்தை டிஎன்ஏவில் காட்டும் எஸ்டிஆர் சோதனை செய்யாமல் மேலே போகாதீர்கள்.

தூண்டல் பரிசோதனை

மேலே சொன்னதோடு ஒரு சேர்க்கை. எச்சிசி827-இல் ஈஜிஎஃப் ஊற்றி "சிக்னல் ஏறவில்லை" என்பார்கள். ஏறாதுதான். சீரம் இல்லாமலே அந்த ஏற்பி முழுவேகத்தில் ஓடுகிறது, போதாததற்கு மரபணுவும் பல படிகளாகப் பெருகியிருக்கிறது. தூண்டலைப் பார்க்க ஏ549 போன்ற, ஏற்பி சாதாரணமாக உள்ள செல்லே நல்லது.

தட்டு 70 முதல் 80 சதவீதம் நிரம்பியதும் சீரம் இல்லாத மீடியத்தில் 16 முதல் 24 மணி நேரம். மருந்து சோதிப்பதாக இருந்தால் அதை 1 முதல் 2 மணி நேரம் முன்பே கொடுங்கள். பிறகு ஈஜிஎஃப், மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 5 முதல் 10 நிமிடம். அரை மணி நேரம் விட்டால் ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டு உச்சம் தாண்டிப் போயிருக்கும். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாத் தட்டிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்துக்கு மேல் போகாமல். மருந்தில்லாத தட்டில் அதைச் சேர்க்க மறப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

பிளாட்

புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ (பாஸ்பேட் ஏறிய புரதத்தின்) பட்டை வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஆன்டிபாடி கிடையாது, முதல் இரண்டு நிமிடங்கள். தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்த நொடியே பனிக்கட்டி மேல் வையுங்கள். கழுவும் உப்புக் கரைசலும் குளிர்ந்திருக்க வேண்டும், அதில் பாஸ்பேட் உதிராமல் காக்கும் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார் இருக்க வேண்டும். வனடேட்டை அப்படியே கரைத்து ஊற்றினால் பாதி பலன்கூட இல்லை. பிஎச் 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியபின் பிஎச்சை மறுபடி சரிபார்த்து, நிறம் திரும்பாத நிலைவரை இதையே திருப்பிச் செய்யவேண்டும். செரின், திரியோனின் பாஸ்பேட்டைக் காக்க சோடியம் ஃபுளோரைடு 10 மில்லிமோலார் சேருங்கள், ஏனென்றால் வனடேட் டைரோசினை மட்டுமே காக்கும். 'ஈஜிஎஃப்ஆர் பாஸ்போ வந்தது, ஏகேடி வரவில்லை' என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் விடை.

ஈஜிஎஃப்ஆர் சுமார் 175 கிலோடால்டன், எர்க் 42-உம் 44-உம், ஏகேடி 60. எல்லாவற்றையும் ஒரே 12 சதவீத ஜெல்லில் பிடிக்க ஆசைப்பட்டால் ஈஜிஎஃப்ஆர் மேலேயே முடங்கிவிடும். அதற்கு 8 சதவீத ஜெல், குளிரில் ஈரமுறை மாற்றம். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கச் செய்யும் மறைப்புக்குப் பால் வேண்டாம். பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுத்துவிடும். 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) போதும். மொத்தப் புரதத்துக்கு அதே லைசேட்டை (உடைத்த செல்லின் சாற்றை) இன்னொரு ஜெல்லில் ஓட்டுவதுதான் என் தேர்வு. ஆன்டிபாடியைக் கழற்றி வேறொன்றை மறுபடி பூசுவதில் மிச்சம் ஒட்டிய பழைய சிக்னலை மொத்தப் புரதம் என்று எண்ணி விகிதம் போட்ட படங்கள் எத்தனையோ.

நோயியல்

திசுப் பக்கம் கதை வேறு. திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கில் பாஸ்போ ஆன்டிபாடியை நம்பாதீர்கள். வெட்டி எடுத்த கட்டி ஃபார்மலினைத் தொடும்வரையில் பாஸ்பேட் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அங்கே இயக்கத்தை நேரடியாகப் பார்க்காமல் திரிபைத் தேடுகிறோம். நடுநிலையாக்கிய 10 சதவீத ஃபார்மலினில் 6 முதல் 48 மணி நேரம் நல்ல எல்லை. எலும்புக்குப் பரவிய கட்டியை அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கினால் டிஎன்ஏ தூளாகிவிடும். இடிடிஏ மெதுவானது, ஆனால் பயன்படும்.

ஃபார்மலின் செய்யும் ஒரு குறும்பு தெரிந்திருக்க வேண்டும். டிஎன்ஏவின் சி எழுத்தான சைட்டோசினை அமீன் நீக்கி, சி-க்குப் பதில் டி என்று படிக்கவைக்கும். டி790எம் திரிபும் 2369-ஆம் இடத்தில் அதே சி-யிலிருந்து டி மாற்றம்தான்! மருந்தே தொடாத நோயாளியின் பழைய பிளாக்கில் மிகக் குறைந்த விகிதத்தில் டி790எம் வந்தால், யூராசில் நீக்கும் நொதியால் டிஎன்ஏவைப் பதப்படுத்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். எல்858ஆருக்கு இந்தச் சந்தேகம் இல்லை, அது டி-யிலிருந்து ஜி.

ஏஎல்கே ஃபிஷ் (மரபணு இருக்கும் இடத்தை ஒளிரும் புள்ளிகளால் காட்டும் சோதனை) படிப்பவருக்கு ஒரு சொல்: இணையும் மரபணுவான இஎம்எல்4-உம் ஏஎல்கேவும் ஒரே குரோமோசோமின் ஒரே கையில் இருப்பவை, தலைகீழாகத் திரும்பி இணைகின்றன. புள்ளிகள் எட்ட விலகாது. இரண்டு புள்ளி அகல இடைவெளி இருந்தாலே பிரிந்ததாக எண்ண வேண்டும். 50 செல்லில் 15 சதவீதம் எல்லைக்கோடு.

எதிர்ப்பு

முதல் தலைமுறை மருந்துகளான ஜெஃபிடினிப், எர்லோடினிப் எடுத்தவர்களுக்கு எதிர்ப்பு வரும்போது ஏறக்குறைய பாதிப்பேரில் டி790எம். மூன்றாம் தலைமுறை மருந்தான ஓசிமெர்டினிப் அதைத் தாண்டுவது 797-ஆம் சிஸ்டீனோடு பிரிக்க முடியாதபடி ஒட்டுவதால். மீடியத்தை மாற்றிக் கழுவிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: ஜெஃபிடினிப் கழுவியதும் பாஸ்போ சீக்கிரம் திரும்பும், ஓசிமெர்டினிப் என்றால் செல் புதுப் புரதம் செய்யும்வரை திரும்பாது. அந்தச் சிஸ்டீன் செரினாக மாறினால் ஓசிமெர்டினிப்பின் பிடி போயிற்று. அப்போது டி790எம்மும் இதுவும் மரபணுவின் ஒரே படியிலா, வேறுவேறு படியிலா என்று பார்க்க வேண்டும். வேறுவேறு என்றால் முதல் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும் சேர்ந்த மருந்து செல்லில் எடுபடும், ஒரே படி என்றால் எடுபடாது. நல்லவேளை, இரண்டுக்கும் இடைவெளி ஏழே கோடான் (மூன்றெழுத்துக் குறி), ஒரே வரிசை வாசிப்பில் இரண்டும் தெரியும்.

கேராஸ்

கேராஸ் ஜி12சிக்கான மருந்து சோட்டோராசிப் (2021-இல் அமெரிக்க அனுமதி) டைபாஸ்பேட் பிடித்த, அணைந்த கேராஸோடுதான் ஒட்டும். ஜி12சி அவ்வப்போது தானே அணைவதால்தான் இந்த வித்தை நடக்கிறது. மருந்து ஒட்டியதா என்று பிளாட்டிலேயே பார்க்கலாம், கேராஸ் பட்டை சற்று மேலே நகரும்.

2 மணி நேரத்தில் எர்க் அணைந்த படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 24, 48, 72 மணி நேரத்துக்கும் லைசேட் எடுங்கள். எர்க் இறங்கியதும் அது வளர்த்து வைத்த தடைப் புரதங்களும் இறங்கும், ஈஜிஎஃப்ஆர் போன்ற மேல் ஏற்பிகள் தலைதூக்கும், புதிதாகப் பிறக்கும் கேராஸ் இயங்கும் நிலையிலேயே நிற்கும், மருந்துக்குப் பிடி கிடைக்காது.

மெட்

மெட்டும் ஓர் ஏற்பி, ஆனால் இதில் விசை உடையவே இல்லை. எக்ஸான் 14 தரும் 47 அமினோ அமிலத்துக்குள் ஒய்1003 என்ற டைரோசின் இருக்கிறது. சிபிஎல் என்ற புரதம் அதைப் பிடித்துத்தான் மெட் புரதத்தை அழிவுக்கு அனுப்பும். எக்ஸான் விடுபட்டால் அனுப்ப ஆளில்லை, ஏற்பி தங்கிவிடும். காரணமான டிஎன்ஏ மாற்றங்கள் பல நீளத்தில், இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட துண்டு) ஓரங்களில் சிதறிக் கிடப்பதால் சிறிய டிஎன்ஏ தொகுப்புகள் தவறவிடும். ஆர்என்ஏவில் எக்ஸான் 13-உம் 15-உம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கான செல் லைன் எச்596. எலியில் வளர்ப்பவர்கள் கவனிக்க: எலியின் எச்ஜிஎஃப் (மெட்டைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி) மனித மெட்டைச் சரியாக எழுப்பாது. கட்டி வளரவில்லை, மருந்துக்கு வித்தியாசம் இல்லை என்று முடிவெழுதும் முன், அந்த எலியில் மனித எச்ஜிஎஃப் சுரக்கிறதா என்று கேளுங்கள்.