பின் மட்கார்டு ஆட்டம், டெயில் லைட் கோளாறு: புதுப்பிப்பு

என் பழைய 350 சிசி பைக்கின் பின் மட்கார்டு ஆடுவதையும் டெயில் லைட் விட்டுவிட்டு எரிவதையும் பற்றிக் கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. இரண்டும் சரியாகிவிட்டன.

சீட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு நண்பர் இங்கே சொன்னபடியே, மட்கார்டை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டுகளின் ரப்பர் புஷ்கள் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்) நசுங்கி, துளைகளும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. புது புஷ், அகலமான வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நட்) போட்டு இறுக்கியதும் ஆட்டம் நின்றது.

எதிர்பாராதது விளக்கில்தான் இருந்தது. 12 வோல்ட் 21/5 வாட் பல்பும் (பிரேக்குக்கு 21, டெயில் லைட்டுக்கு 5 வாட்) ஹோல்டரும் நன்றாக இருந்தும், பிரேக் பிடித்தால் வெளிச்சம் மங்கியது. இந்த வண்டியில் விளக்கின் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) மட்கார்டு வழியாகவே செல்வதால், போல்ட்டடியில் படிந்திருந்த துருவும் பெயிண்டும் அதைத் தடுத்திருக்கின்றன. அவ்விடத்தை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, விளக்கிலிருந்து ஃபிரேமுக்குத் தனி எர்த் வயரும் இழுத்தேன். புது ரப்பர் புஷ் போடுகிறவர்கள் இந்த வயரை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பரே எர்த்தைத் துண்டித்துவிடக்கூடும்.