புதுப்பிப்பு: ஹோல்காவில் முதல் ரோல் முடிந்தது

பிலிம் கேமரா பழக ஹோல்கா 120என் என்ற எளிய பிளாஸ்டிக் கேமரா வாங்கலாமா, 35 மி.மீ. கேமராவே போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஹோல்காவில் ரோலுக்கு 12 சதுரப் படம்தான், செலவு கட்டாது என்று பலர் சொன்னீர்கள். நியாயம்தான். ஆனாலும் ஆசை விடவில்லை, ஹோல்காவையே வாங்கினேன்.

ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை பிலிம். பன்னிரண்டில் ஆறு தேறியது. இரண்டில் ஒன்றுமே இல்லை, லென்ஸ் மூடியைக் கழற்றவே மறந்திருக்கிறேன். பார்த்து எடுக்கும் வியூஃபைண்டர் தனி ஓட்டை என்பதால் மூடி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஒரே கலங்கல். லென்ஸுக்கு அடியிலுள்ள சுவிட்ச் கைபட்டு 'பி' பக்கம் நகர்ந்துவிட்டது. அதில் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். இப்போது சாதாரணப் படத்துக்கான 'என்' பக்கம் வைத்து டேப் ஒட்டிவிட்டேன். கடைசி ஒன்றில் அம்மா மேல் தென்னைமரம் முளைத்திருக்கிறது! பிலிமைச் சுற்றாமல் மறுபடி அழுத்தினாலும் இந்தக் கேமரா தடுக்காது, இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். (அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.)

அப்புறம், ஃபோகஸ் தூரத்தை லென்ஸிலுள்ள படக்குறிகளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒற்றை ஆள் குறி சுமார் 1 மீட்டருக்கு. தொலைவுக்கான மலைக் குறியிலேயே விட்டுவிட்டு முகத்தை எடுக்காதீர்கள்.

அடுத்த ரோல் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில்.